தாரோடு எதைச் சேர்ப்பது? தீவக வீதிகளை முன்வைத்து ஒரு மீள்பார்வை

தாரோடு வேறொரு பொருளைச் சேர்த்தால் வீதி கூடுதல் காலம் நிற்குமா? இந்தக் கேள்விக்கு வயது நூற்றைம்பதுக்கு மேல். தாரின் தன்மையை மாற்றும் சேர்மானங்களுக்கு 1843 அளவிலேயே காப்புரிமை பெறப்பட்டதாகத் துறை நூல்கள் குறிப்பிடுகின்றன. அதன் பின் இயற்கை இறப்பர், பழைய ரயர்த் தூள், செயற்கைப் பொலிமர், கந்தகம், சுண்ணாம்பு, மெழுகு, அமிலம், குப்பைப் பிளாஸ்ரிக் என்று விடைகள் வந்துகொண்டே இருக்கின்றன. ஒவ்வொரு விடையும் தான் பிறந்த இடத்தின் தேவையைச் சுமந்தே வந்தது. பனியில் வீதி வெடிக்கும் நாட்டிலும், கழித்த ரயர் மலையாகக் குவிந்த நாட்டிலும் பிறந்த தீர்வுகள் கடனீரேரியின் நடுவே ஓடும் ஒரு வீதிக்குப் பொருந்துமா என்பதைத் தனியே சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கேள்வி எழும் நிலம்

யாழ்ப்பாண நகரின் பண்ணையிலிருந்து கடனீரேரியைக் குறுக்கறுத்துச் செல்லும் தாம்போதி மண்டைதீவைத் தொட்டு, அல்லைப்பிட்டி, வேலணை வழியே ஊர்காவற்றுறைக்குப் போகிறது. வேலணையிலிருந்து இன்னொரு தாம்போதி புங்குடுதீவுக்குச் செல்கிறது. அதன் முனையில் குறிகட்டுவான் இறங்குதுறை. அதற்கப்பால் நயினாதீவும் நெடுந்தீவும் படகுக்குரியவை. தீவகம் என்று இங்கே குறிப்பது இந்தத் தீவுகளையே. வீதியின் இருபுறமும் உப்புநீர் நிற்க, ஐப்பசி முதல் மார்கழி வரை மாரி கொட்டுகிறது. மிச்ச மாதங்களில் வெயிலும் காற்றும் ஈரத்தை உறிஞ்சி, உப்பைத் தரையில் விட்டுவிட்டுப் போகின்றன.

போக்குவரத்து என்று பார்த்தால் பேருந்து, தண்ணீர் பௌசர், மணலும் கல்லும் ஏற்றும் ரிப்பர், திருவிழாக் காலத்தில் அடியார் வாகனங்கள். கொழும்புத் துறைமுகத்துக் கொள்கலன் லொறிகள் இங்கே வரிசை கட்டுவதில்லை. ஆகவே பாரம் அழுத்திச் சக்கரத்தடம் பள்ளமாவது இங்கு முதல் நோயாக இருக்க வாய்ப்புக் குறைவு. மாரியில் கல்லை விட்டுத் தார் உரிவது, ஓரம் அரிந்து உடைவது, வெயிலில் தார் முதிர்ந்து வெடிப்பது, உப்பு அடியிலிருந்து மேற்பரப்பைத் தூக்குவது ஆகியவையே எதிர்பார்க்க வேண்டிய நோய்கள். இந்த வரிசையை மனதில் வைத்துத்தான் ஒவ்வொரு சேர்மானத்தையும் மதிப்பிட வேண்டும்.

தாரின் இயல்பும் அதை அளக்கும் முறையும்

வீதிக்கு நாம் பயன்படுத்தும் தார் கச்சா எண்ணெயை வடித்த பின் அடியில் எஞ்சும் பொருள். அஸ்பால்ற்றீன் என்ற கனத்த துணிக்கைகள் எண்ணெய்த் தன்மையுள்ள ஊடகத்தில் மிதக்கும் கூழ்மமாக அதை ஒல்லாந்து வேதியியலாளர் நெலன்ஸ்ரெயின் 1924இல் விளக்கினார். அந்த மாதிரியைப் பின்னாளில் பலர் திருத்தியிருக்கிறார்கள். ஆனாலும் அதன் மையக் கருத்து இன்னும் பயன்தருகிறது: எந்தச் சேர்மானமும் அந்தத் தாரின் கனத்த பகுதிக்கும் இலேசான பகுதிக்கும் இடையிலான சமநிலையைக் குழப்பித்தான் வேலை செய்கிறது. ஒரு கச்சா எண்ணெயின் தாரில் நன்றாகக் கரையும் பொலிமர் இன்னொன்றில் பிரிந்து மேலே மிதப்பது இதனாற்றான்.

இலங்கைக்கு இது வெறும் ஏட்டுச் செய்தி அல்ல. 1969இல் இயங்கத் தொடங்கிய சப்புகஸ்கந்தை சுத்திகரிப்பு நிலையம் ஈரானிய இலகு எண்ணெயை நம்பி அமைக்கப்பட்டது. ஈரான் மீதான தடைகளுக்குப் பின் வேறு நாட்டு எண்ணெய்கள் வந்தன. 2021இலும் 2022இலும் கச்சா எண்ணெய் வாங்கப் பணமின்றி ஆலை பலமுறை மூடப்பட்டது. இறக்குமதித் தாரும் சந்தையில் உண்டு. பீப்பாவில் ஒரே தரக்குறி எழுதியிருக்கலாம், உள்ளிருக்கும் வேதியியல் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

அந்தத் தரக்குறி எதைச் சொல்கிறது? 60/70 என்றால், 25 பாகை செல்சியஸில் 100 கிராம் பாரத்தோடு ஓர் ஊசி 5 விநாடியில் 6 முதல் 7 மில்லிமீற்றர் வரை தாருக்குள் இறங்கும் என்று பொருள். அவ்வளவுதான். தீவகத்து நண்பகலில் கருநிற மேற்பரப்பு 60 பாகையை நெருங்கும்போது அந்தத் தார் எப்படி நடந்துகொள்ளும் என்பதை ஊசி சொல்லாது. வளையமும் குண்டும் வைத்து அளக்கும் மென்மையாதல் வெப்பநிலையும் அரைத் தகவல்தான்.

இந்தக் குறையை உணர்ந்தே அமெரிக்கா 1987 முதல் 1993 வரை 15 கோடி டொலர் செலவில் ஒரு பெரும் வீதி ஆய்வுத் திட்டத்தை நடத்தியது. அதன் விளைவாக வந்த செயற்றிறன் தரப்படுத்தல், வீதி காணக்கூடிய உச்ச, தாழ் வெப்பநிலைகளைக் கொண்டே தாருக்குப் பெயர் வைக்கிறது. ‘64-22’ என்ற குறி 64 பாகை வரையும் பூச்சியத்துக்குக் கீழ் 22 பாகை வரையும் தாங்கும் என்று கூறும். அதன் முதல் வடிவமும் பொலிமர் கலந்த தாரின் மீள்தன்மையைச் சரியாக மதிக்கவில்லை என்று தெரிந்தபோது, பலமுறை அழுத்தி விட்டு மீட்சியை அளக்கும் புதிய சோதனை சேர்க்கப்பட்டது. சேர்மானங்களின் வரலாறு பாதி பொருள்களின் வரலாறு, பாதி அளவுகோல்களின் வரலாறு.

இறப்பர்: தோட்டத்திலிருந்தும் ரயரிலிருந்தும்

களுத்துறையும் கேகாலையும் இறப்பர் விளைவிக்கும் நாட்டில் இந்த விடை கவர்ச்சியானது. ஒல்லாந்தர் 1930களில் இயற்கை இறப்பர் கலந்த வீதிகளைப் போட்டுப் பார்த்தனர். இந்தியாவில் கோட்டயம் இறப்பர் ஆராய்ச்சி நிலையமும், தாய்லாந்தின் நெடுஞ்சாலைத் துறையும் இறப்பர்ப் பால் கலந்த தாரை ஊக்குவித்து வந்துள்ளன. கலந்த தார் நெகிழ்ந்து மீள்கிறது, வெப்பத்தில் எளிதில் வழிவதில்லை. இதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

பலவீனம் சமையலில் இருக்கிறது. இயற்கை இறப்பரின் நீண்ட சங்கிலிகள் நெடுநேரச் சூட்டில் அறுந்துபோகின்றன. ஆலையில் தொட்டியிலேயே இரவு முழுதும் கொதித்துக் கிடந்த தாரில் சேர்த்த இறப்பரின் பலன் எவ்வளவு மிஞ்சும் என்பது ஐயமே. இறப்பர் விலை விழுந்த ஆண்டுகளிலேயே இந்த யோசனை அரசுகளுக்கு நினைவு வருகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். விவசாயியைத் தாங்கும் கொள்கையை வீதிப் பொறியியலின் முடிவாகக் காட்டுவது இரண்டுக்கும் நன்மை செய்யாது.

ரயர்த் தூளின் கதை வேறு. அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரக் கட்டுமானப் பொருட் பொறியியலாளர் சார்ல்ஸ் மக்டொனால்ட் 1960களில் சூடான தாரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ரயர்த் தூளை இட்டு, முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வேகவிட்டார். தூள் தாரின் எண்ணெயை உறிஞ்சி வீங்க, கலவை தடித்தது. வெடித்த பழைய வீதிகளின் மேல் பரப்பியபோது வெடிப்பு மேலேறுவது தாமதித்தது. பின்னர் அமெரிக்கக் காங்கிரஸ் 1991இல் ரயர்த் தூள் பயன்பாட்டை மாநிலங்களுக்குக் கட்டாயமாக்கியது. ஆயத்தமில்லாத மாநிலங்கள் அரைகுறையாகச் செய்து, குறைகூறி, 1995இல் அந்தக் கட்டாயம் நீக்கப்பட்டது. தொழில்நுட்பம் அரிசோனாவில் இன்றும் நிற்கிறது, விழுந்தது ஆணைதான். பிளாஸ்ரிக் வீதி பற்றிப் பேசும் நம் நாடுகளுக்கு இதைவிட நல்ல முன்னுதாரணம் இல்லை.

பொலிமர்

இன்று உலகின் அதிவேக வீதிகளில் ஆட்சி செய்வது ஸ்டைரீன்-பியூட்டாடீன்-ஸ்டைரீன் என்னும் கட்டுப் பொலிமர். எடையில் 3 முதல் 7 சதவீதம் சேர்ப்பார்கள். ஸ்டைரீன் முனைகள் ஒன்றோடொன்று திரண்டு முடிச்சாக, நடுவிலுள்ள பியூட்டாடீன் இழை இறப்பராக இழுபட, தார் முழுவதும் ஒரு வலை பரவுகிறது. ஆலைச் சூட்டில் முடிச்சுகள் அவிழ்கின்றன, வீதியில் ஆறியதும் மறுபடி விழுகின்றன. அழகான வேதியியல் என்பதை மறுக்க முடியாது.

ஆனால் அதன் பலனில் ஒரு பாதி கடுங்குளிரில் வெடிக்காமை. அது மண்டைதீவுக்கு வேண்டாத வரம். மறு பாதியான சக்கரத்தடத் தடுப்பு, கனரக வாகனங்கள் மெதுவாக ஊரும் இடங்களில்தான் முழு விலைக்கும் ஈடாகும். கூடவே உயர் வெட்டுக் கலப்பான், கிளறிக்கொண்டே இருக்கும் தொட்டி, அந்நியச் செலாவணி ஆகியவையும் தேவை. கலந்து வைத்த தாரில் பொலிமர் பிரியாதிருக்கச் சிறிது கந்தகமிட்டுப் பிணைப்பதும் உண்டு. வேலணைப் பிரதேச சபையின் உள்ளூர் வீதிக்கு இதைப் பரிந்துரைப்பது அளவு மீறிய செலவாகவே தோன்றுகிறது. தாம்போதியின் மேற்பூச்சுக்கு மட்டும் என்றால் வாதத்துக்கு இடமுண்டு. கல்லைத் தடித்த படலமாக மூடும் பொலிமர்த் தார் மெதுவாகவே முதிரும்.

மதுரையின் வழி

தமிழ் வாசகர் அதிகம் கேட்டிருக்கும் விடை இதுதான். மதுரை தியாகராசர் பொறியியற் கல்லூரியின் வேதியியற் பேராசிரியர் இரா. வாசுதேவன் 2000களின் தொடக்கத்தில் உருவாக்கிய உலர் முறையில் பிளாஸ்ரிக்கைத் தாரோடு கலப்பதில்லை. 160 முதல் 170 பாகை வரை சூடாக்கிய சல்லியின் மேல் நறுக்கிய பிளாஸ்ரிக்கைத் தூவுகிறார்கள். அது உருகிக் கல்லைப் பூசிய பின்பே தார் சேர்கிறது. தாரின் எடையில் 5 முதல் 10 சதவீதம் வரை பிளாஸ்ரிக் போகும். ஒரு கிலோமீற்றர் ஒற்றைவழி வீதிக்கு ஏறத்தாழ ஒரு தொன் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. தமிழ்நாட்டின் ஊரக வீதிகளில் இது பரவலாகப் பயன்பட்டது. இந்திய வீதிக் காங்கிரஸ் 2013இல் வழிகாட்டி வெளியிட்டது, 2015இல் மத்திய அரசு பெருநகரங்களைச் சூழ்ந்த நெடுஞ்சாலைகளுக்கு இதை வலியுறுத்தியது. 2018இல் வாசுதேவனுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

முறையின் உண்மையான பலம் எளிமை. புதிய ஆலை தேவையில்லை, சாதாரணக் கலவைக் கருவியே போதும். தார் எடுக்காத கல்லுக்கு ஒரு மேலாடை கிடைப்பதால் நீர் உறிஞ்சுவது குறைகிறது என்ற வாதமும் வேதியியல்படி நியாயமானது.

எதிர்வாதங்கள் மூன்று திசையிலிருந்து வருகின்றன. முதலாவது அளவுகோல் பற்றியது. பிளாஸ்ரிக் கலவையின் மேன்மைக்கு அதிகம் காட்டப்படும் எண் மார்ஷல் உறுதி. அது 60 பாகை வெந்நீரில் ஊறிய வில்லையை நசுக்கிப் பெறும் எண். கலவையை விறைப்பாக்கும் எதுவும் அந்த எண்ணை உயர்த்தும். விறைப்பு நீண்ட ஆயுளாகாது. மெல்லிய பூச்சுள்ள, அடித்தளம் அசையும் வீதியில் அதுவே வெடிப்புக்கு வழியாகலாம்.

இரண்டாவது, குப்பையின் குணம். பொலித்தீன் 110 முதல் 130 பாகைக்குள் உருகிவிடும். பொலிபுரொப்பிலீன் 160ஐ ஒட்டித்தான் இளகும். குடிநீர்ப் போத்தலின் பிளாஸ்ரிக்குக்கு 250 பாகை வேண்டும், ஆகவே அது சல்லிக்கிடையே துண்டாகவே கிடக்கும். பீவீசீ கலந்தால் நச்சுப் புகை வரும் என்பதால் வழிகாட்டிகள் அதை விலக்குகின்றன. திருவிழா முடிந்த நயினாதீவு இறங்குதுறையில் கிடப்பதில் எது எது என்று பிரித்தெடுக்கும் கைகளும் நேரமும் இருந்தால்தான் இந்த முறை வேலை செய்யும்.

மூன்றாவதுதான் தீவகத்துக்கு மிக நெருங்கியது. வீதி தேயும்போது உதிரும் துகள் எங்கே போகும்? ஊரக மதுரையில் அது வயலுக்கோ கண்மாய்க்கோ போகலாம். பண்ணைத் தாம்போதியில் முதல் மழையிலேயே கடனீரேரிக்குள் போகும், இறாலும் நண்டும் மீனும் பிடிக்கும் நீருக்குள். தாரும் கல்லும் பூசி அடைத்த பிளாஸ்ரிக் அதிகம் உதிராது என்று ஆதரவாளர் கூறுவர். உதிர்வை அளந்த ஆய்வுகள் இன்னும் இளமையானவை. அதுவரை, நிலத்துள் இருக்கும் ஊர் வீதிகளுக்கு ஒரு தீர்ப்பும் தாம்போதிகளுக்கு வேறொரு தீர்ப்பும் இருப்பதே நிதானம்.

கல்லும் தாரும் சேரும் இடம்

மதுரை முறை நீங்கலாக, மேலே பார்த்த விடைகள் யாவும் தாரைத் திருத்தப் பார்த்தவை. வீதியோ பெரும்பாலும் தாருக்கும் கல்லுக்கும் நடுவே உடைகிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலவியல் இங்கே ஒரு விசித்திரமான நிலையை உண்டாக்குகிறது.

குடாநாடும் தீவுகளும் மயோசீன் காலச் சுண்ணக்கல்லின் மேல் இருக்கின்றன. சுண்ணக்கல் காரத்தன்மையுள்ளது, தாரோ அமிலச் சாய்வுள்ளது. இரண்டும் நன்றாக ஒட்டும். ஆனால் சுண்ணக்கல் ஒப்பளவில் மென்மையானது. சக்கரம் அதைத் தேய்த்து வழவழப்பாக்கும். மேற்பரப்புக்கு வேண்டிய உறுதியான கருங்கல் வன்னிப் பெருநிலத்திலிருந்து வருகிறது. அது சிலிக்கா மிகுந்த பழம்பாறை. நீர் வந்தால் அதன் மேற்பரப்பு தாரைவிட நீரையே விரும்பும். ஒட்டும் கல் தேய்கிறது, தேயாத கல் ஒட்டுவதில்லை. (குடாநாட்டின் சுண்ணக்கல்லே அதன் நிலத்தடி நீரின் கொள்கலம் என்பதால் வீதிக்காக அதை மேலும் தோண்டுவது வேறு காரணத்துக்காகவும் கூடாது.)

இதற்கு இரு மருந்துகள் உண்டு. ஒன்று அமீன் வகை ஒட்டுத் திரவம். தாரின் எடையில் அரைச் சதவீதமோ அதற்கும் குறைவாகவோ போதும். மூலக்கூறின் ஒரு முனை கல்லைப் பற்ற, மறுமுனை தாருக்குள் நிற்கிறது. மலிவு, எளிது. ஆனால் சில அமீன்கள் சூடான தாரில் நாட்கணக்கில் கிடந்தால் வீரியம் இழக்கின்றன. தாரைப் பீப்பாவில் வாங்கி, விட்டுவிட்டுச் சூடாக்கும் சிறு வேலைத்தளத்தில் இது சிறிய குறை அல்ல.

மற்றது நீற்றிய சுண்ணாம்பு. கல்லின் எடையில் 1 முதல் 1.5 சதவீதம். தாரிலுள்ள கார்பொக்சிலிக் அமிலங்கள் கருங்கல்லின் மேல் நீரில் கரையும் உப்புகளாகி உரிதலைத் தொடக்கிவைக்கின்றன. சுண்ணாம்பு அவற்றைக் கரையாத கல்சியம் உப்புகளாகப் பூட்டிவிடுகிறது. அதோடு, ஒட்சியேற்றத்தால் தார் முதிர்வதையும் தாமதிக்கிறது. வெயிலும் மாரியும் மாறிமாறி வரும் இடத்துக்கு இந்த இரட்டைப் பயன் பொருத்தமானது. அமெரிக்காவின் ஜோர்ஜியா, நெவாடா போன்ற மாநிலங்களில் பல்லாண்டுப் பயன்பாடு இருப்பதால் இதன் சான்று மற்றச் சேர்மானங்களைவிடக் கனமானது. தூசு பறக்கும், கல்லை ஈரமாக்கிப் பூசினால் உலர்த்த எரிபொருள் கூடும் என்பவை குறைகள்.

1950இல் உற்பத்தி தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1990இல் போரினால் மூடும்வரை இந்த மண்ணின் சுண்ணக்கல்லைத்தான் சுட்டது. சூளைச் சுண்ணாம்பும் இங்கே பழைய தொழில். இறக்குமதிப் பொலிமருக்கு முன், நாட்டுக்குள்ளேயே கிடைக்கும் இந்தப் பொருளைச் சோதிப்பது நியாயம். குடாநாட்டுச் சுண்ணக்கல்லை மேலும் தோண்டுவதையோ கடலோரப் பவளக்கல்லைச் சுடுவதையோ இதற்குச் சாக்காக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு.

உரிதலை அளப்பதிலும் சிக்கல் உண்டு. பரவலான அமெரிக்கச் சோதனை, நீர் ஊட்டிய வில்லையின் இழுவலிமை உலர்ந்ததன் வலிமையில் 80 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்கிறது. அதில் ஓர் உறைநிலைச் சுற்றும் அடங்கும். ஊற வைப்பது சுத்த நீரில். உறைபனியே அறியாத, உப்புநீரில் நனையும் வீதிக்கு அந்த 80 எவ்வளவு பொருள் தரும்?

சுருக்கமாகச் சில

கந்தகம் 1970களில் தார் விலை ஏறியபோது பேசப்பட்டது. 150 பாகையைத் தாண்டினால் ஐதரசன் சல்பைட்டு கிளம்பும் என்பதால் தொழிலாளரைக் காப்பது கடினம். பொலிபொசுபோரிக் அமிலம் மலிவாகத் தாரை விறைப்பாக்கும், ஆனால் காரச் சுண்ணாம்பும் சில அமீன்களும் அதோடு மோதிப் பலனைக் கெடுக்கும். இரண்டு நல்ல மருந்து சேர்ந்தால் இரட்டைக் குணம் என்று எண்ணுவோருக்கு இது எச்சரிக்கை.

மெழுகு, சியோலைற்று முதலியவற்றால் கலவைச் சூட்டை 20 முதல் 40 பாகை வரை தாழ்த்தும் இளஞ்சூட்டுக் கலவை 1990களின் கடைசியில் ஐரோப்பாவில் எழுந்தது. தொலைவிலுள்ள ஆலையிலிருந்து ரிப்பரில் வரும் காபெற் கலவை காற்றில் ஆறுமுன் உருட்டி இறுக்க அவகாசம் தருவதால் புங்குடுதீவு போன்ற கடைக்கோடி வீதிகளுக்கு இது கவனத்துக்குரியது. படகில் ஏற்றிச் செல்ல வேண்டிய நெடுந்தீவுக்குச் சூட்டுக் கலவையே பொருத்தமில்லை. அங்கே தார்க் குழம்பும் கொங்கிறீற்றுமே நடைமுறை.

உப்பு

தென்னாபிரிக்கா, பொட்சுவானா, அவுஸ்திரேலியா ஆகிய வறண்ட நிலங்களில் மெல்லிய தார்ப் பூச்சு வீதிகள் கொப்புளித்து உடைந்ததை ஆராய்ந்தவர்கள் காரணத்தைக் கீழே கண்டார்கள். அடித்தளக் கிறவலிலும் நிலத்தடி நீரிலும் உள்ள உப்பு, ஆவியாகும் ஈரத்தோடு மேலேறிப் பூச்சுக்கு அடியில் பளிங்காகிறது. வளரும் பளிங்கு பூச்சைத் தூக்குகிறது. வாகனம் குறைந்த வீதியில் இது மோசமாகும், ஏனெனில் தூக்கிய பூச்சை மறுபடி அழுத்தும் சக்கரங்கள் இல்லை. கோடையில் உப்பு பூக்கும் தீவக மண்ணுக்கு இந்த விளக்கம் கிட்ட வருகிறது.

இங்கே தாருக்குள் சேர்க்கும் எதுவும் நேரடி மருந்தல்ல. உப்பற்ற கிறவல், தளத்தை நீர்மட்டத்துக்கு மேலே உயர்த்துவது, அடித்தளம் இட்டதும் காலம் தாழ்த்தாமல் ஈரம் ஊடுருவாத பூச்சுப் போடுவது ஆகியவையே மருந்து. உப்புநீர் தாரையே எப்படிப் பாதிக்கிறது என்பதில் ஆய்வகங்கள் ஒரே குரலில் பேசவில்லை. உரிதல் கூடுகிறது என்பதில் ஓரளவு உடன்பாடு உண்டு. எவ்வளவு, எந்தக் கல்லில் என்பதில் இல்லை.

எஞ்சும் மதிப்பீடு

சேர்மானங்கள் தாரின் பொறியியற் பண்புகளை மாற்றுகின்றன என்பது தீர்ந்த விடயம். அந்த மாற்றம் வீதியின் ஆயுளாக மாறுகிறதா என்பது நோயைப் பொறுத்தது. பெரும்பாலான ஆய்வுகள் கனரகப் போக்குவரத்தையும் குளிர் வெடிப்பையும் மனதில் வைத்தவை. தீவக வீதியின் எதிரிகளோ நீரும் உப்பும் முதிர்ச்சியும். அந்த அடிப்படையில் இன்றுள்ள சான்று நீற்றிய சுண்ணாம்புக்கு மிகச் சாதகமாகவும், ஒட்டுத் திரவத்துக்கு நிபந்தனையோடு சாதகமாகவும், பொலிமருக்குத் தாம்போதி அளவிலும் சாய்கிறது. உலர்முறைப் பிளாஸ்ரிக் ஊர் வீதிகளில் சோதிக்கத் தக்கது, நீரோரத்தில் இப்போதைக்குத் தவிர்க்கத் தக்கது.

வன்னிக் கருங்கல், மாறிமாறி வரும் தார், கடனீரேரி நீர் மூன்றும் சேர்ந்தபோது எந்தச் சேர்மானம் எத்தனை மாரி தாங்கும் என்பது திறந்த கேள்வி. அதற்கு விடை ஆய்வகத்தில் மட்டும் கிடைக்காது. 2025 செப்டெம்பரில் மண்டைதீவில் சர்வதேச கிரிக்கெட் மைதானத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. மைதானம் வந்தால் வீதியும் அகலும், கனரக வாகனமும் கூடும். அப்போது வீதி அபிவிருத்தி அதிகாரசபையும் மாகாணத் திணைக்களமும் ஒரே வீதியில் அடுத்தடுத்துச் சில சோதனைத் துண்டுகளை இடட்டும். ஒன்றில் சுண்ணாம்பு, ஒன்றில் ஒட்டுத் திரவம், ஒன்றில் வெறும் தார் என்று வைத்து, ஒவ்வொரு மாரி முடிந்ததும் அளந்து, கிடைத்த எண்களைத் தமிழிலும் சிங்களத்திலும் பொதுவில் வெளியிட வேண்டும்.